ஓலையிலிருந்து வார இதழுக்கு: உ.வே.சா-வின் நெடும்பயணம்

கைத்தொலைபேசியில் சிலப்பதிகாரம் என்று தட்டுங்கள். இரண்டு வினாடியில் முழு நூலும் வந்து நிற்கும். பாட்டு தனியாக இருக்கும், உரை தனியாக இருக்கும், மேலே ஆசிரியர் பெயரும் இருக்கும். ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். இல்லவே இல்லை!

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் 25 வயது இளைஞர் ஒருவர் தமிழாசிரியராகச் சேர்கிறார். அவர்தான் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டு பாடம் கேட்டவர். பாடம் 'கேட்டவர்' என்பதைக் கவனித்தீர்களா? அன்று படிப்பு என்றாலே காதுதான். பிள்ளை மனத்திலேயே பாட்டைக் கட்டிச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார்.

அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஒருநாள் அவர் பார்க்கப் போனார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, அவர் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை!

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓலைக்கு ஆயுள் குறைவு. செல்லரிக்கும், ஒடியும். யாராவது திரும்பத் திரும்பப் படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். பாடம் சொல்ல ஆளில்லாத நூலை யார் படியெடுப்பார்கள்?

முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியோடு அவர் வேட்டை தொடங்கியது. ஊர் ஊராக அலைந்தார். சில இடங்களில் ஓலைகளை ஆற்றில் விட்டுவிட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சாத்திரப்படி செய்தார்களாம்!

ஓலையில் எழுதியதைப் படிப்பது அவ்வளவு கஷ்டமா?

ரொம்பவே. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகர, ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. 'கொல' என்று எழுதியிருந்தால் அது கொல, கொல், கோல, கோல் எதுவாகவும் இருக்கலாம். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. போதாததற்கு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பிற நூல்களின் அடிகளைப் பெயர் சொல்லாமலே எடுத்துக் காட்டிக்கொண்டு போவார். அவர் காலத்து வாசகருக்கு அவை மனப்பாடம், அதனால் சொல்லத் தேவையில்லை. நூறு நூறாண்டுகள் கழித்து வந்தவர் என்ன செய்வார்?

பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக ஒப்பிட்டார். எந்தச் சொல் புலவர் எழுதியது, எது படியெடுத்தவரின் கைப்பிழை என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நூல் வாங்கச் சம்மதித்துப் பலர் முன்கூட்டியே கையொப்பமிட்டார்கள். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சுப்படிகளைத் திருத்தினார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இந்த வேலையில் அவர் தனி ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தவரான சி.வை.தாமோதரம் பிள்ளை அவருக்கு முன்பே பழைய நூல்களை அச்சேற்றத் தொடங்கியிருந்தார்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் நூலுக்கு முன்னும் பின்னும் சேர்த்தவைதான். அருஞ்சொற்களுக்கு அகராதி, பாடிய புலவர்கள் யார், பாடப்பட்ட அரசர்கள் யார் என்ற குறிப்புகள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே ஒருவர் தனியாக உட்கார்ந்து புறநானூற்றைப் புரட்டலாம், வேண்டிய இடத்தை மட்டும் தேடிப் பார்க்கலாம். இன்று நாம் தட்டித் தேடும் பழக்கத்துக்கு அது அண்ணன் முறை! ஆனால் நெட்டுருப் போடும் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்ததற்கும் அச்சுதான் ஒரு காரணம்.

அப்புறம் வந்தது வார இதழ். 85 வயதை நெருங்கும்போது, 1940இல், ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்ற தொடரைத் தொடங்கினார். அடிக்குறிப்போடு எழுதிப் பழகியவர், இப்போது வாரம் ஒரு சின்ன அத்தியாயம், அதற்கொரு தலைப்பு என்று, திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதினார். செய்யுளே உயர்வு என்று வளர்ந்த மனிதர்தான், ஆனால் அவருடைய சொந்த எழுத்தில் இன்று அதிகம் படிக்கப்படுவது அந்த உரைநடைதான்.

1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். தொடர் அப்போது 1890களின் கடைசி வரைதான் வந்திருந்தது. 1950இல் அது நூலாக வந்தபோதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் பிறகான நாற்பது ஆண்டுக் கதையை அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன்தான் எழுத வேண்டியிருந்தது.