எழும்பூர் தந்த பேராசான்: டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று ஒரு வீட்டில் பெண் கருவுற்றாளென்றால், எந்த நிபுணரிடம் காட்டலாமென்று அயலாரையும் உறவினரையும் விசாரியாத தாய்மார் இல்லை. அந்த நிபுணர் எவ்விடத்தில், எத்தனை ஆண்டு, யாருடைய கண்காணிப்பில் பயின்றார் என்று விசாரிப்போர் வெகு சிலரே. நம் பாட்டிமார் காலத்தில் இவ்விரு கேள்விக்கும் இடமிருந்ததில்லை. 1930களில் இந்த இலங்கையிலே 1,000 பிரசவங்களுக்கு 20க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட ஆண்டுகள் உண்டு. இந்தியாவிலோ, ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 இலட்சம் தாய்மார் பிரசவத்தோடு மடிகிறார்கள் என்று சேர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் கணக்கிட்டது. அக்குழுவில் அங்கத்தவராயிருந்த மகப்பேற்று மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

ஆர்க்காடு இலட்சுமணசுவாமி முதலியார் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். அன்று பிறந்தவர்கள் இருவர். உடன்பிறந்தவர் இராமசாமி முதலியார். தோற்றத்தில் ஒருவரையொருவர் உரித்து வைத்த இவ்விரட்டையர், 1903இல் சென்னைக்கு வந்தனர். இராமசாமி சட்டம் பயின்று அரசியலிற் புகுந்து, மைசூர்த் திவானாகவும், 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபையின் முதற்றலைவராகவும் விளங்கினார். இலட்சுமணசுவாமி சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார்.

அங்கு அவர் தேர்ந்துகொண்ட துறை மகப்பேறு. ஆண் வைத்தியர் ஒருவர் பிரசவம் பார்ப்பதை நம் குடும்பங்கள் எளிதில் ஒப்பாத காலம் அது. பெண் வைத்தியரோ விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றது 1912இலேதான். மருத்துவக் கல்லூரிகளின் தலைமைப் பதவிகளும் பெரிய வைத்தியசாலைகளின் பொறுப்பும் பெரும்பாலும் இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரிகளிடமிருந்தன. இத்தனைக்குமிடையில் முதலியார் படிப்படியாக உயர்ந்து, எழும்பூர்ப் பெண்கள் வைத்தியசாலையின் தலைமையையும் மகப்பேற்றுப் பேராசிரியர் பதவியையும் பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியின் அதிபர் பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே.

எழும்பூர் வைத்தியசாலையைப்பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. 1844இல் தொடங்கிய அவ்விடம், தென்னாடு முழுவதற்கும் பிரசவ வைத்தியத்தின் தலைவாசலாக இருந்தது. சுகமாய்ப் பெறும் பெண்கள் மட்டுமா அங்கு வந்தனர்? கிராமத்து மருத்துவிச்சி இரண்டு மூன்று நாள் முயன்று கைவிட்ட பின், வண்டியிலே ஏற்றிக் கொணரப்பட்டவர்களும் வந்தனர். இடுப்பெலும்பு ஒடுங்கிக் குழந்தை இறங்காதவர்கள், இசிவு கண்டு நினைவிழந்தவர்கள், உதிரப்பெருக்கால் வெளிறியவர்கள், இரத்தசோகை முற்றி உடல் வீங்கியவர்கள் என்று விதம்விதமான ஆபத்து அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பட்டப்பின் படிப்பு என்பதன் உட்பொருள் இங்கேதான் விளங்கும். எம்.பி. பட்டம் பெற்றவனுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும். ஆனால், இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாமா, ஆயுதமிட்டு எடுக்கலாமா, வயிற்றைக் கீறலாமா என்று நடுநிசியில் தீர்மானிக்க அவனுக்குத் தெரியாது. அது புத்தகத்தில் வருவதன்று. தேர்ந்த ஆசானின் அருகில் நூறு கட்டில்களைப் பார்த்து, பல இரவுகள் கண்விழித்துத்தான் வரவேண்டும். பிரித்தானிய மகப்பேற்று மருத்துவக் கல்லூரி 1929இல் நிறுவப்பட்டபின் அதன் பட்டம் பெற்றுவருவதே நிபுணத்துவத்தின் முத்திரையென்று நம்மவர் கருதலாயினர். கொழும்பிலும் அதே எண்ணம்தான். கப்பலேறிச் செல்ல வசதியுள்ளவனுக்கும் அரசாங்கத்தின் உதவி கிட்டியவனுக்கும் அது வாய்த்தது. திறமை மட்டுமே உள்ளவனுக்கு வாய்க்கவில்லை. அங்கே போய்க் கற்றவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், எழும்பூரில் ஒரு வாரத்தில் வரும் முற்றிய நோயாளரை இலண்டன் மாணவன் ஓராண்டிலாவது கண்டிருப்பானா என்பது எமது ஐயம்.

முதலியார் தமது உயர்பட்டமாகிய எம்.டி.யைச் சென்னையிலேயே பெற்றவர். இலண்டன் கல்லூரி பின்னாளில் அவரைத் தன் உயர் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுப் பெண்களின் உடலையும் உணவையும் வறுமையையும் கருதாமல் எழுதிய மேல்நாட்டு நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு கற்பிப்பது போதாதென்று அவர் உணர்ந்ததில் வியப்பில்லை. கர்ப்பகால இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாயிலும் சென்னையிலும் இதை ஆராய்ந்து, உணவிற் குறைந்த ஏதோ ஒரு சத்தே இதற்குக் காரணமென்று கண்டார். பின்னாளில் அச்சத்து ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று நம் கர்ப்பிணித் தாய்மார்க்குக் கிளினிக்கிற் கொடுக்கும் சிறு மாத்திரையின் கதை அது. முதலியாரும் அந்நோயை ஆராய்ந்தவரே.

1938இல் அவருடைய மகப்பேற்று மருத்துவ நூல் வெளிவந்தது. பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனனும் இணைந்து அதைத் திருத்திப் புதுக்கினார். முதலியார் மேனன் என்ற இரு பெயர்களையும் சொன்னாலே இந்திய மருத்துவ மாணவன் அந்நூலைத்தான் நினைப்பான். ஆசிரியர் மறைந்த பின்னும் பிறர் கைகளால் புதுப்பிக்கப்பெற்றுப் பல பதிப்புகளைக் கண்டது அது.

1942இல் சென்னைச் சர்வகலாசாலையின் உபவேந்தரானார். 1969 வரை, அதாவது 27 ஆண்டு, அப்பதவியிலிருந்தார். ஒருவரே இவ்வளவு காலம் ஒரு பீடத்தில் இருப்பது நன்றென்று நாம் சொல்லமாட்டோம். அடுத்த தலைமுறைக்கு வழி அடைபடும். ஆனால் அவர் அப்பீடத்தை எவ்வாறு பயன்படுத்தினாரென்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1952இல் பௌதிகத்துறைக்குத் தலைவர் வேண்டுமென்று சேர் சி. வி. இராமனை நாடினார். இராமன் தம் மாணாக்கர் ஜி. என். இராமச்சந்திரனைச் சுட்டினார். முப்பது வயதே நிரம்பிய அவ்விளைஞரிடம் முதலியார் துறையை ஒப்படைத்தார். தோலிலும் எலும்பிலுமுள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரிக் கட்டமைப்பை அவரது குழு 1954இல் வெளியிட்டது. ஆராய்ச்சி நடத்தக் கடல் கடக்கத்தான் வேண்டுமென்பதில்லையென்று அன்று சென்னையில் பலருக்குத் தோன்றியிருக்கும்.

அரசாங்கம் 1945இல் சேர் பட்டமும், சுதந்திரத்துக்குப் பின் 1954இல் பத்ம பூஷணும் 1963இல் பத்ம விபூஷணும் அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிருவாக சபைக்குத் தலைமை தாங்கினார். 1961இல் புதுடில்லியிற் கூடிய அதன் பேரவைக்கும் அவரே தலைவர்.

இவற்றினும் நமக்கு முக்கியமானது, இந்திய அரசாங்கம் 1959இல் அவர் தலைமையில் அமைத்த சுகாதார ஆய்வுக் குழு. மாவட்ட வைத்தியசாலைகளில் நிபுணர்களை அமர்த்தி அவற்றைப் பலப்படுத்தவேண்டும், 40,000 பேருக்கு மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் விடலாகாது என்பன அக்குழுவின் விதப்புரைகளிற் சில. மாவட்டந்தோறும் நிபுணர் வேண்டுமானால், அத்தனை பேரையும் கப்பலில் அனுப்பிப் படிப்பிக்க எந்த அரசாங்கத்தால் முடியும்? உள்நாட்டிலேயே பட்டப்பின் படிப்பு வேண்டுமென்பதற்கு இதைவிட வலிய நியாயம் தேவையில்லை.

நம் கொழும்பிலும் இந்த நியாயம் பிந்தியே வென்றது. மருத்துவக் கல்லூரி 1870இலும் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலும் தோன்றின. ஆனால் உள்நாட்டிலேயே நிபுணரை ஆக்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உருவாக 1970களின் பிற்பகுதிவரை காத்திருக்க நேர்ந்தது. இன்று மகப்பேற்றியலில் எம்.டி. பட்டத்தை இங்கேயே பெறலாம். அதன்பின் ஒரு காலம் வெளிநாட்டிற் பயின்று வருவதும் வழக்கமாயிருக்கிறது.

முதலியார் 1974 ஏப்ரல் 15ஆம் நாள் காலமானார். சென்னைத் தரமணியிலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியற் பட்டப்பின் படிப்பு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உடன்பிறந்த இராமசாமி முதலியார் மேலும் ஈராண்டு வாழ்ந்து, 1976இல் மறைந்தார்.