வழக்கை மறுத்த வக்கீல்

தனியாக ஆடிட்டர் தொழில் நடத்தியவன் நான். தேடி வந்த வாடிக்கையாளரை வேண்டாம் என்று அனுப்ப எவ்வளவு துணிவு தேவை என்பது எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது வக்கீல் காந்தியை.

1891-ல் பாரிஸ்டரான அவருக்குப் பம்பாயில் வழக்குகள் கிடைப்பதே அரிதாக இருந்தது. அந்த நிலையிலும் அங்கே தரகருக்குக் கமிஷன் தர மறுத்தார். 1893-ல் தென்னாப்பிரிக்கா சென்றார். 1903-ல் ஜோஹானஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். பொய் வழக்கை ஏற்பதில்லை, சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதைப் புதிய கட்சிக்காரரிடம் முதலிலேயே தெரிவித்துவிடுவார். ஜெயித்தாலும் தோற்றாலும் பீஸ் ஒன்றுதான்.

ஒருமுறை வழக்கு நடக்கும்போதே கட்சிக்காரர் தம்மை ஏமாற்றியது தெரிந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி மாஜிஸ்திரேட்டிடம் அவரே கேட்டுக்கொண்டார். அதனால் அவர் தொழில் நசிந்துவிடவில்லை. சந்தேகமான வழக்குகளை வேறு வக்கீல்களிடம் கொண்டுபோன சிலர், நேர்மையான வழக்குகளை அவருக்கென்றே வைத்திருந்தார்கள்.

சுயமாகத் தொழில் செய்யும் நம் இளைஞர்களுக்குச் சொல்வேன்: கணக்கை மாற்றி எழுதச் சொல்பவரிடம் முதல் நாளே மறுத்துவிடுங்கள். பாதி வேலையில் விலகுவதைவிட அது இருவருக்கும் நல்லது. அந்த மாத வாடகைக்குச் சற்றுத் திண்டாட்டமாக இருக்கலாம்; ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.