அடித்தவர் நாட்டுக்கே திரும்பி வந்தவர்

பகைவரையும் நேசிக்க வேண்டும், துன்புறுத்துவோருக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஏசுநாதர் போதித்தார். கோழைக்கு ஏற்ற போதனை இது என்று ஏளனம் செய்வோர் உண்டு. வயிற்றில் அடிப்பவனை எப்படி நேசிப்பது, மண்டையை உடைத்தவனுக்காக எப்படி வேண்டிக்கொள்வது என்று உழைப்பாளித் தோழர் கேட்டால், அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட மாட்டோம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையை, அந்தப் போதனையை நம்பி நம் மதுரைச் சீமையில் வாழ்ந்து மடிந்த ஒருவரின் வாழ்விலே தேடுவோம்.

அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ, 1647ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரிலே பிறந்தார். செல்வக் குடி, அரண்மனையிலே இளவரசர்களோடு வளர்ந்த பிள்ளை. பட்டும் பதவியும் காத்திருந்தன. அவரோ ஏசு சபையிலே சேர்ந்தார்; 1673இல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். டி நோபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய பணியைத் தொடர வந்தவர் அவர்.

துரையாக அவர் இங்கே வாழவில்லை. காவி கட்டினார், பண்டாரசாமியானார். தமிழ் கற்றார், புலால் விட்டார். வெயிலிலும் சேற்றிலும் நடந்தார். தாழ்த்தப்பட்டோர் சேரிகளிலும் அவர் கால் பதிந்தது.

1686இல் மறவர் சீமையிலே அவரும் துணைவர்களும் பிடிபட்டனர். சங்கிலி பூட்டினார்கள், அடித்தார்கள், நீரில் அமிழ்த்தி வதைத்தார்கள். சிவன் பெயரைச் சொன்னால் விடுதலை என்றார்கள். அவர் இணங்கவில்லை. இறுதியில் கிழவன் சேதுபதி அவரை நேரில் வரவழைத்துக் கேட்டார். தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தார். மன்னரிடமும் இரக்கம் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

அதன்பின் சபையின் அலுவலாக அவர் லிஸ்பன் சென்றார். போர்ச்சுகல் மன்னர் அங்கேயே இருக்கச் சொன்னார். இளவரசனுக்கு ஆசானாக இருக்கும் பெருமை கிடைக்கவிருந்தது. உடலிலே தழும்பு, எதிரே அரண்மனை. நாமாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்போம்? அவர் 1690இல் இந்தியாவுக்கே திரும்பினார். அடித்தவர் வாழும் மறவர் சீமைக்கே மீண்டும் நடந்தார். படையோடு வரவில்லை, பழி தீர்க்க வரவில்லை. பழைய காவியோடும் கைத்தடியோடும் வந்தார்.

அங்கே தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர் நோய் நீங்கிக் கிறிஸ்தவரானார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது அந்த மதத்தின் விதி. ஆகவே மற்ற மனைவியரை அவர் விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனை போனாள். அவளைக் கொடியவள் என்று திட்டிவிடுவது எளிது. ஆனால் யாரோ இருவர் செய்த முடிவுக்குத் தன் வாழ்வை இழந்த பெண் அவள். அவள் கண்ணீருக்கும் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

சேதுபதி சினந்தார். 1693 ஜனவரியிலே அருளானந்தர் சிறைப்பட்டார், ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் வசையில்லை, சாபமில்லை. மரணத்தை மகிழ்வோடு எதிர்நோக்கும் மனமே இருந்தது. வெட்ட வந்தவனை அவர் தழுவிக்கொண்டார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். பிப்ரவரி 4ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 1947இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

தோழர்களே! இந்த மனிதர் கோழையா? கொள்கையிலே ஒரு சொல்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தடையை மீறி வந்தார், அதற்குரிய தண்டனையையும் ஏற்றார். பகைவனை நேசிப்பது வேறு, பகைவனுக்குப் பணிவது வேறு. பணிந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார். வெறுத்திருந்தால் லிஸ்பனிலேயே தங்கியிருப்பார். அவர் இரண்டும் செய்யவில்லை. இன்னா செய்தாரை நாணவைக்க நன்மை செய் என்று வள்ளுவர் காட்டிய வழியும் இதற்கு வெகு தூரமில்லை.

அநியாயத்தை எதிர்ப்போம், அதிலே தயக்கம் வேண்டாம். கூலி கேட்போம், உரிமை கேட்போம், கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம். ஆனால் எதிரே நிற்பவனும் மனிதன் என்பதை மறந்தால், நாளை நம் கைக்கு அதிகாரம் வரும்போது நாமும் அவனைப் போலவே அடிப்போம். பிறகு எதற்காகப் போராடினோம்?

ஓரியூர் மணல் சிவப்பு. அவர் சிந்திய குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. இன்று அந்த மண்ணிலே கிறிஸ்தவரோடு இந்துக்களும் முடி இறக்குகிறார்கள், கிடா வெட்டி விருந்து வைக்கிறார்கள். யாருடைய நாடு அவரை வெட்டியதோ, அந்த நாட்டு மக்களே அவரைத் தம்மவர் என்று கொண்டாடுகிறார்கள். வாள் வென்ற கதையாக அதை அங்கே ஒருவரும் சொல்வதில்லை.