பதவியைத் துறந்த இமாம்

பக்தாது நிஜாமிய்யா கலாசாலையின் தலைமை ஆசிரியர் பதவியை விட உயர்ந்ததொரு பதவி அக்காலத்து ஆலிம்களுக்கு இருக்கவில்லை. ஹிஜ்ரி 484ல் (கி.பி. 1091) மந்திரி நிஜாமுல் முல்க் அதனை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு அளித்தார். தூஸ் நகரில் கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழையின் மகனார் அவர்கள். அப்போது வயது 34தான். 300 மாணவர்கள் அவர்கள்முன் அமர்ந்து பாடம் கேட்டனர்.

நான்காண்டுகள் சென்றன. இக்கல்வியை அல்லாஹ்வுக்காகக் கற்பிக்கிறோமா, பேருக்கும் புகழுக்குமா என்ற கேள்வி இமாமவர்களின் கல்பைக் குடையலாயிற்று. இன்று புறப்படுவதென நிய்யத்துச் செய்வார்கள். மறுநாள் மனம் பின்வாங்கும். ஹிஜ்ரி 488 ரஜபு முதல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் இதே தவிப்பு.

முடிவில் நாவே அடைத்துப் போயிற்று. மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல் எழவில்லை. உணவு இறங்கவில்லை, இறங்கிய கவளமும் செரிக்கவில்லை, உடல் நலிந்தது. வைத்தியர்கள் கைவிரித்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நோய் கல்பில் தொடங்கி உடலுக்கு இறங்கியது, அக்கவலை நீங்கினாலன்றி மருந்து பலிக்காது என்பதைச் சரியாகவே கண்டறிந்தார்கள்.

இமாமவர்கள் அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். பதவியையும் பொருளையும் துறப்பது அதன்பின் பாரமாகத் தோன்றவில்லை. துல்கஃதாவில் புறப்பட்டார்கள். ஷாமில் தங்கும் எண்ணம் தெரிந்தால் கலீபாவும் நண்பர்களும் தடுப்பார்களென அஞ்சி, மக்காவுக்குப் போவதாகவே வெளியில் சொன்னார்கள். பாடம் நடத்தும் பொறுப்பைத் தம்பி அஹ்மது ஏற்றார். மனைவி மக்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்களென்று எவரும் எண்ண வேண்டாம். பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டிய அளவை நிறுத்திக்கொண்டு, மற்றதைத்தான் தருமம் செய்தார்கள். இராக்கின் வருமானம் முஸ்லிம்களின் நலனுக்கான வக்ஃபு. ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்கு எடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை என்பது அவர்கள் கருத்து.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆட்சியாளர்களின் கோபத்துக்கு அஞ்சி ஓடினார் என்று தொலைவிலிருந்தவர்கள் பேசினர். அவ்வாட்சியாளர்கள் போக வேண்டாமென மன்றாடியதை அருகிலிருந்தவர்கள் அறிவார்கள்.

திமிஷ்கின் உமையா பள்ளிவாசல் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸுக்கும் சென்றார்கள். ஹிஜ்ரி 489ல், இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசரிடம் செல்வதில்லை, அரசரின் பொருளை வாங்குவதில்லை, வாதம் புரிவதில்லை என நேர்ந்துகொண்டார்கள். ஹஜ்ஜையும் முடித்தார்கள். அதன்பின் ஊருக்கு இழுத்து வந்தது பிள்ளைகளின் வேண்டுகோளே. இஹ்யா உலூமித்தீன் இந்த ஓய்வுக் காலத்தில் உருவானது.

ஹிஜ்ரி 499ல் (கி.பி. 1106) மந்திரி ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாபூரில் மீண்டும் சிறிது காலம் பாடம் நடத்தினார்கள். பிறகு தூஸ் திரும்பி, வீட்டருகே ஒரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கொரு தங்குமிடமும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 504ல் பக்தாதிலிருந்து அதே பழைய பதவி மறுபடியும் தேடி வந்தது. தூஸிலுள்ள தம் மாணவர்களையும், பழைய நேர்ச்சையையும் காரணம் காட்டி, வர இயலாதென எழுதி அனுப்பினார்கள். மறு ஆண்டு ஜமாதுல் ஆகிர் 14ல் (கி.பி. 1111) தூஸிலேயே வபாத்தானார்கள்.