ஞானதாநந்தினி தேவி

ஞானதாநந்தினி தேவி (ஜூலை 26, 1850 - அக்டோபர் 1, 1941) வங்காளத்தைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதியும் பத்திரிகை ஆசிரியரும் ஆவார். சேலையை ரவிக்கையுடனும் உள்பாவாடையுடனும் சேர்த்து அணியும் முறையை வங்கப் பெண்களிடையே பரப்பியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்த முதல் இந்தியரான சத்தியேந்திரநாத் தாகூர் இவருடைய கணவர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருடைய கணவரின் தம்பி ஆவார்.

இளமையும் கல்வியும்

ஞானதாநந்தினி இன்றைய வங்காளதேசத்தில் உள்ள யசோர் பகுதியில் நரேந்திரபூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்கால வழக்கப்படி பத்து வயது நிரம்பும் முன்னரே இவருக்குத் திருமணம் செய்து வைக்கப்பட்டது. அதன் பின்னர் கொல்கத்தாவின் ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் குடும்ப இல்லத்துக்கு வந்தார். அவ்வில்லத்தின் ஆண்கள் புதிய கல்வியிலும் பிரம்ம சமாசப் பணிகளிலும் ஈடுபட்டிருந்தபோதிலும், பெண்கள் அந்தப்புரத்திலேயே வாழ்ந்து வந்தனர்.

சத்தியேந்திரநாத் 1862 இல் இங்கிலாந்து சென்றார். மனைவியையும் அங்கு அழைத்துக்கொள்ள அவர் விரும்பினார். தந்தை தேவேந்திரநாத் அதற்கு இசையவில்லை. இக்காலத்தில் கணவரின் தம்பி ஏமேந்திரநாத் இவருக்குக் கல்வி கற்பித்தார். 1864 இல் நாடு திரும்பிய சத்தியேந்திரநாத்துக்குப் பம்பாய் மாகாணத்தில் பணி கிடைத்தது. இம்முறை மனைவியை உடன் அழைத்துச் செல்ல இசைவு கிடைத்தது.

உடைச் சிக்கல்

பயணத்துக்கு இசைவு கிடைத்தவுடன் எதை உடுத்திச் செல்வது என்ற கேள்வி எழுந்தது. அக்காலத்து வங்க மேல்தட்டுப் பெண்கள் ரவிக்கையோ உள்பாவாடையோ இன்றி, மெல்லிய ஒற்றைச் சேலையை மட்டும் உடலில் சுற்றி அணிந்தனர். வங்காளத்தின் புழுக்கமான கோடையில் வீட்டுக்குள் இருப்பதற்கு இவ்வுடை பொருத்தமாக இருந்தது. ஆயினும் அதனுடன் பிறர் முன் செல்ல இயலாது. பெண்களை வீட்டுக்குள் நிறுத்தி வைத்த காரணங்களுள் உடையும் ஒன்றாக இருந்தது எனலாம்.

இதற்குத் தீர்வாகப் பிரெஞ்சுத் தையல் கடை ஒன்றில் உடை ஒன்று தைக்கப்பட்டது. அதனைப் பிறர் உதவியின்றி அணிவது கடினமாக இருந்தது. அணிந்து நடமாடுவதற்கும் வசதியாக இல்லை. ஐரோப்பிய உடையை அப்படியே ஏற்பது தீர்வாகாது என்பதை இவ்வனுபவம் உணர்த்தியது.

புதிய சேலைக் கட்டு

பம்பாயில் இத்தம்பதியர் மானக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியவரின் இல்லத்தில் தங்கினர். அங்கு பார்சிப் பெண்கள் சேலை அணியும் முறையை ஞானதாநந்தினி கற்றுக்கொண்டு, அதில் சில மாற்றங்களைச் செய்தார். பார்சிப் பெண்கள் முந்தானையை வலத் தோளில் இட்டனர். இவர் வலக்கை தடையின்றி இயங்கும் பொருட்டு அதனை இடத் தோளுக்கு மாற்றினார். சேலையின் உள்ளே பாவாடையும், மேலே தைத்த சட்டை அல்லது ரவிக்கையும் இடம்பெற்றன.

கொல்கத்தா திரும்பிய பின்னர், இம்முறையைக் கற்க விரும்பும் பெண்களுக்குத் தாமே கற்பிப்பதாக வாமாபோதினி என்னும் மகளிர் இதழில் விளம்பரம் வெளியிட்டார். பிரம்ம சமாசக் குடும்பத்துப் பெண்கள் பலர் இதனை ஏற்றனர். அதனால் இது பிரம்மிகா சேலை எனப் பெயர் பெற்றது. பின்னர் குச்பிகார் அரசி சுனிதி தேவி முந்தானையைத் தோளில் ஊசியால் பொருத்தும் வழக்கத்தைச் சேர்த்தார். எனவே இன்றைய சேலைக் கட்டு தனி ஒருவரின் படைப்பு அன்று. தக்காணத்து நிவிக் கட்டு உள்ளிட்ட பல மரபுகள் அதில் கலந்துள்ளன.

ஏறக்குறைய இதே காலத்தில், 1863 இல், அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் அளவுவாரியாக வெட்டப்பட்ட காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அங்கு புதிய உடை வடிவங்கள் காகிதத்தின் வழியே வீடுகளை அடைந்தன. சேலைக் கட்டுக்கு அத்தகைய மாதிரி தேவைப்படவில்லை. ஒருவர் கட்டிக் காட்ட மற்றவர் கற்றுக்கொண்டார். உடன் அணியும் ரவிக்கைக்கே அளவும் வெட்டும் தையலும் தேவைப்பட்டன.

எதிர்ப்புகள்

1866 இல் கொல்கத்தாவில் அரசப் பிரதிநிதி சர் ஜான் லாரன்சு அளித்த விருந்தில் ஞானதாநந்தினி கலந்துகொண்டார். உயர்குடி வங்கப் பெண் ஒருவர் இவ்வாறு பொது விருந்தில் தோன்றியது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அங்கிருந்த உறவினர் பிரசன்ன குமார் தாகூர் அதனைக் காணப் பொறாமல் வெளியேறினார் எனக் கூறப்படுகிறது. மாமனாரின் இல்லத்திலும் இவருடைய போக்குக்கு வரவேற்பு இல்லை. பின்னாளில் இவர் ஜோராசாங்கோவை விட்டு நீங்கித் தனி இல்லத்தில் வாழ்ந்தார்.

இங்கிலாந்துப் பயணமும் பிற பணிகளும்

1877 இல் கருவுற்றிருந்த நிலையில், கணவர் உடன் வராமலேயே, தம் குழந்தைகளுடன் இங்கிலாந்துக்குக் கடற்பயணம் செய்தார். அங்கு குழந்தைகளை இழந்த துயரத்துக்கும் ஆளானார். 1878 இல் சத்தியேந்திரநாத்தும் இளைஞரான இரவீந்திரநாத்தும் அங்கு சென்று சேர்ந்தனர். 1880 இல் குடும்பத்தினர் நாடு திரும்பினர்.

1885 இல் பாலக் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தார். இரவீந்திரநாத் அதில் மிகுதியாக எழுதினார். இவ்விதழ் பின்னர் பாரதி இதழுடன் இணைந்தது. இவருடைய மகன் சுரேந்திரநாத்; மகள் இசை அறிஞரான இந்திரா தேவி சௌதுராணி.

தமிழகத்துடன் ஒப்பீடு

தமிழகத்தில் உடையின் வரலாறு வேறு வகையில் அமைந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1859 இல் அவ்வுரிமையை ஏற்கும் அரச ஆணை வெளியானது. அங்கு சாதிக் கட்டுப்பாடு தடையாக இருந்தது. வங்காளத்தில் அந்தப்புர வழக்கம் தடையாக இருந்தது. திண்டுக்கல், மதுரைச் சமவெளிகளில் உழைக்கும் பெண்கள் பருத்திச் சேலையைப் பின்கொசுவம் வைத்து, வெயிலுக்கும் வயல் வேலைக்கும் ஏற்ப அணிந்தனர். ரவிக்கை அணியாத மூதாட்டிகளை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் சிற்றூர்களில் காண முடிந்தது. திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் உருவாகும் சுங்குடிச் சேலை கோடைக்கு ஏற்ற பருத்தி உடையாகப் பெயர் பெற்றது. பின்னாளில் அச்சேலையும் முன்கொசுவம், உள்பாவாடை, ரவிக்கை ஆகியவற்றுடன் அணியப்படலாயிற்று.

மறைவு

சத்தியேந்திரநாத் 1923 இல் காலமானார். ஞானதாநந்தினி தேவி 1941 அக்டோபர் 1 அன்று தம் 91 ஆவது வயதில் மறைந்தார். அதற்கு ஏறக்குறைய இரு மாதங்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 7 அன்று, இரவீந்திரநாத் தாகூர் மறைந்திருந்தார்.