சித்திரகாரப்புலி

காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். சிம்மவிஷ்ணுவின் மகன், மாமல்லன் என்று புகழ்பெற்ற நரசிம்மவர்மனின் தந்தை. குணபரன், மத்தவிலாசன், விசித்திரசித்தன், லளிதாங்குரன் என அவனுக்கிருந்த பட்டப்பெயர்களைப் படித்தாலே மூச்சு முட்டும். அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது சித்திரகாரப்புலி என்பது. ஓவியர்களுள் புலி என்று பொருள். போரில் புலி என்று சொல்லிக்கொண்ட மன்னர்கள் பலர். தூரிகையில் புலி என்று சொல்லிக்கொண்ட வேறொருவரை எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் நான் காணவில்லை.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமைப்படுகிறான். பாறையைக் குடைந்த கோயில் அது. தளவானூர், பல்லாவரம், திருச்சி மலைக்கோட்டை என்று அவன் குடைவித்த கோயில்கள் பல. சமணனாயிருந்த அவனைத் திருநாவுக்கரசர் சைவனாக்கினார் என்பர்.

அவன் நகைச்சுவையிலும் வல்லவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நாடகத்தில், குடிபோதையிலிருக்கும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி திருடிவிட்டதாகச் சண்டை பிடிக்கிறான். எடுத்துக்கொண்டு ஓடியதோ ஒரு நாய்! தன் தலைநகரையே கேலி செய்து எழுத ஓர் அரசனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! சாளுக்கியன் புலிகேசியின் படையெடுப்பும் அவன் காலத்தில்தான் நிகழ்ந்தது. அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு. புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. போர்க்கதை போகட்டும். அவன் ஓவியங்கள் எங்கே?

சென்ற ஆண்டு வத்தலக்குண்டிலிருந்து திருச்சி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா சென்றோம். குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம்! யானை, எருமை, மீன், அன்னம், பூக்கொய்யும் மனிதர். தூணில் ஆடும் மங்கை. பாறைமேல் மெல்லிய சுண்ணச் சாந்து பூசி, காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி முதலியவற்றால் தீட்டியவை. வண்ணத்தைத் தொட்டுப் பார்க்க நான் கை நீட்டிவிட்டேன். உடன் வந்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அன்று முழுதும் எனக்கு முகம் காட்ட வெட்கமாயிருந்தது.

இவ்வோவியங்களை 1920-ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய். சமணக் குகையாதலால், மகேந்திரன் சமணனாயிருந்தபோது செய்வித்தது என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால் அங்குள்ள கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. எனவே நாம் காணும் ஓவியங்கள் அவன் காலத்தவை அல்ல. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜப்பானில் ஹோரியூஜி என்னும் பௌத்தக் கோயில் உண்டு. மகேந்திரனுக்குச் சில தலைமுறை பிந்திய, அஜந்தாவை நினைவூட்டும் சுவரோவியங்கள் அங்கிருந்தன. 1949 ஜனவரி 26 அன்று தீப்பற்றி அவை கருகின. ஜப்பானியர் வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டே பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றினர். இன்று அங்கே நடுவண் அரசு மட்டுமன்றி, மாகாணங்களும் ஊராட்சிகளும் தத்தம் பகுதி ஓவியங்களைப் பதிவு செய்து காக்கின்றன. நாம் குடியரசு நாள் கொண்டாடும் அதே ஜனவரி 26-இல் அவர்கள் ஆண்டுதோறும் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி செய்கிறார்கள்.

நம் நாட்டில் தீயைவிட வெள்ளையடிப்பே அதிகம் விழுங்கியது. பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு அடிப்பதுபோல் கோயிலுக்கும் அடித்துவிட்டார்கள். மகேந்திரனின் எள்ளுப்பேரன் இராசசிம்மன் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், பிற்காலப் பூச்சின் அடியிலிருந்த பல்லவ ஓவியங்களை 1931-இல் வெளிப்படுத்தியவரும் ழுவோ துப்ராய்தான். சித்தன்னவாசல் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அங்கே துப்புரவு செய்தபோது, மேலே தெரிவதற்கு அடியில் அதனினும் பழைய ஓவியப் பூச்சு ஒன்று இருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

மகேந்திரன் குடைவித்த குகைகளுள் மாமண்டூரில் மட்டும் வண்ணத்தின் சிறு தடயங்கள் உண்டு என்கிறார்கள். அங்குள்ள சிதைந்த கல்வெட்டில் தட்சிணசித்திரம் என்ற ஓவிய நூலின் பெயரும் வருகிறதாம். காஞ்சியில் என் சித்தி இருக்கிறார். கோடை விடுமுறையில் என்னை மாமண்டூருக்கு அழைத்துப் போவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். இம்முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன்.