யன்னல் வழியே விழுந்த சீதனம்



மார்கழி பிறந்ததும் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் வாழும் எமது குடும்பங்களில் நத்தார்ப் பேச்சுத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும். பலகாரத்துக்குப் பயறும் சர்க்கரையும் வாங்க வேண்டும். பாலன் குடிலுக்கு வைக்கோல் தேட வேண்டும். நெடுந்தீவு மக்கள் மாரிக்கடலில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணக் கடைவீதிக்கு வந்து சேர்கின்றார்கள். அங்கே புடவைக்கடை வாசலில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக நத்தார் தாத்தா நின்று அவர்களை உள்ளே அழைக்கின்றார்.

இந்தத் தாத்தா உண்மையில் யார் என்று உங்கள் பிள்ளைகள் எப்போதாவது கேட்டதுண்டா? கேட்டால், அவர் கடைக்காரர் அல்லர், ஆயர் என்று சொல்லுங்கள். தீவகத்துக்கு எதிர்க்கரையில், நாவாந்துறையில் ஆலயம் கொண்டிருக்கும் புனித நீக்கிலாரே அவர். கடலோடிகளின் பாதுகாவலர் என்பதால் எமக்கு அவர் இரட்டிப்பு உறவினர்.

நீக்கிலார் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய துருக்கி நாட்டின் தென்கரையில் உள்ள பத்தாரா என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார் என்று பாரம்பரியம் கூறுகின்றது. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அவர்கள் விட்டுச் சென்ற செல்வம் பெரிது. அதைக் கொண்டு தமக்கு வீடு வாசல் பெருக்காமல், ஏழைகளின் சொத்தாகவே அதை அவர் எண்ணினார்.

அவ்வூரில், முன்பு வசதியாக வாழ்ந்து பின்னர் நொடிந்துபோன ஒருவர் இருந்தார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். சீதனம் கொடுக்க வழியில்லாததால் மூவருக்கும் கலியாணம் ஒப்பேறவில்லை. வறுமை முற்றவே, பெற்ற மக்களை இழிந்த வாழ்வுக்கு விற்றுவிடும் நிலைக்கு அந்தத் தந்தை வந்துவிட்டார். இதைக் கேள்வியுற்ற நீக்கிலார் ஊர் உறங்கிய வேளையில் அவ்வீட்டு யன்னலுக்குள் ஒரு பொற்கிழியை எறிந்துவிட்டு மறைந்தார். அந்தப் பொன்னைக் கொண்டு மூத்தவள் கரையேறினாள். சில காலத்தின் பின் இரண்டாவது பொற்கிழி விழுந்தது. அடுத்தவளுக்கும் வாழ்வு கிடைத்தது. மூன்றாம் முறை தந்தை விழித்திருந்து, துரத்திச் சென்று, கொடுத்தவர் இன்னாரென்று கண்டுகொண்டார். தாம் உயிரோடிருக்கும் வரை இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று நீக்கிலார் அவரிடம் உறுதி வாங்கினாராம்.

பிள்ளைகள் காலுறையையும் சப்பாத்தையும் வைத்துப் பரிசுக்குக் காத்திருக்கும் மேல்நாட்டு வழக்கம் இந்தச் சம்பவத்தின் நினைவாகவே சொல்லப்படுகின்றது. வாசகர்களே, உலகத்து நத்தார்ப் பரிசுகளுக்கெல்லாம் மூலமாகக் காட்டப்படும் அந்தப் பரிசு விளையாட்டுச் சாமான் அல்ல. அது வழியற்ற மூன்று குமர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சீதனம்.

பின்னர் நீக்கிலார் மீரா நகரின் ஆயரானார். 303ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் பேரரசன் தொடங்கிய கொடிய கலாபனையில் அவர் சிறையில் அடைக்கப்பட்டார் என்றும், கொன்ஸ்தந்தீன் காலத்தில் விடுதலை பெற்றார் என்றும் சொல்லப்படுகின்றது. பஞ்சம் வந்தபோது, தலைநகருக்குத் தானியம் ஏற்றிச் சென்ற கப்பல்களை மறித்து, மாலுமிகளைத் தேற்றி, தம் மக்களுக்கு ஒரு பங்கை இறக்கச் செய்தார் என்பதும், புயலில் தத்தளித்தவர்களைக் கரைசேர்த்தார் என்பதும் அவரைப் பற்றிய பழைய வரலாறுகள். ஏறக்குறைய 343ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1087ஆம் ஆண்டில் இத்தாலியக் கடலோடிகள் அவருடைய திருப்பண்டங்களைப் பாரி நகருக்குக் கொண்டுசென்றார்கள். இன்றும் அவை அங்கேதான் இருக்கின்றன. மார்கழி 6ஆம் திகதி அவருடைய திருநாள்.

அந்தப் பரிசுத்தவான் எவ்வாறு கடைவாசலுக்கு வந்து சேர்ந்தார்? அந்தக் கதையில் எமது தீவுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

நத்தார் என்ற சொல்லை எமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். அது அவர்களுடைய நத்தால் என்ற சொல்லின் திரிபு. அவர்களுக்குப் பின் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆனது. நயினாதீவு ஹார்லெம் ஆனது. காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. அந்த அம்ஸ்டர்டாம் மாநகரின் பழைய பாதுகாவலரே புனித நீக்கிலார்தான். அவர்கள் நாட்டில் சீர்திருத்தச் சபையார் தடுத்தும், பிள்ளைகள் அவரைச் சின்ரர்கிளாஸ் என்று அழைத்து, அவருக்காகச் சப்பாத்து வைப்பதை விடவில்லை. இங்கேயோ ஒல்லாந்தர் ஆட்சி எமது குருக்களைத் துரத்தித் திருப்பலியைத் தடைசெய்தது. 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய புனித யோசேவாஸ் அடிகள் இரவில் இரகசியமாகவே எமது முன்னோரைத் தேடித் திரிந்தார். புத்தாடையும் பலகாரமும் இருந்தனவோ இல்லையோ, அந்த மக்கள் விசுவாசத்தை விடவில்லை.

அமெரிக்காவில் ஒல்லாந்தர் நிறுவிய நியூ அம்ஸ்டர்டாமே பின்னர் நியூயோர்க் ஆயிற்று. அங்கே சின்ரர்கிளாஸ் சாந்தா குளோஸ் ஆனார். 1823இல் வெளிவந்த ஒரு கவிதை அவருக்குக் கலைமான் வண்டியைக் கொடுத்தது. 1931 முதல் வந்த கொக்கா கோலா விளம்பரப் படங்கள் அவருடைய பருத்த உடலையும் சிவப்பு அங்கியையும் உலகெங்கும் பரப்பின. ஆயரின் முடியும் செங்கோலும் போயின. யாருக்கும் தெரியாமல் கொடுத்த கை, எல்லோரையும் வாங்கச் சொல்லி அழைக்கும் கையானது.

பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்குவது பிழையென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆண்டு முழுவதும் வலை இழுத்தவனின் பிள்ளை நள்ளிரவுத் திருப்பலிக்குப் புதுச்சட்டையோடு வருவது இயேசு பாலனுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அயலவனைப் பார்த்து, தாலிக்கொடியை அடைவு வைத்து, தையிலும் மாசியிலும் வட்டி கட்டி அழும்படி ஒரு நத்தாரைக் கொண்டாட வேண்டுமா? குடும்பத் தலைவர்களே, இதை இருவரும் கூடி இருந்து கணக்குப் பாருங்கள்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். எமது தேசவழமைச் சட்டத்தை 1707இல் எழுத்தில் தொகுத்த ஒல்லாந்த அதிகாரியின் பெயர் கிளாஸ் ஈசாக்ஸ். கிளாஸ் என்பது நீக்கிலார் என்ற பெயரின் சுருக்கமே. சீதனம் பற்றிய எமது வழமைகள் அந்தத் தொகுப்பிலே உள்ளன. தகப்பன் மகளுக்கு அன்போடு கொடுத்தது, இன்று மாப்பிள்ளை வீட்டார் விலை பேசிக் கேட்பதாக மாறிவிட்டது. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்கு அது பெரிதல்ல; வராத வீட்டில் பெண்பிள்ளை முப்பது வயதைக் கடந்தும் காத்திருக்கின்றாள். நீக்கிலார் பொன் கொடுத்தது அந்த வழக்கத்தை மெச்சி அல்ல. அதன் கீழ் நசுங்கிய பிள்ளைகளை மீட்பதற்காக. ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் பொற்கிழி எறிய வேண்டியதில்லை. கேட்காமல் விட்டாலே போதும். அதைவிடப் பெரிய நத்தார்ப் பரிசை ஓர் ஏழைத் தகப்பனுக்கு உங்களால் கொடுக்க முடியாது.

மற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இவ்வருடம் மார்கழி 6ஆம் திகதி, கடைக்குப் போகுமுன், வாங்கும் பொருட்களின் பட்டியலில் உங்கள் பங்கில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பை அரிசியோ, ஒரு பிள்ளையின் சட்டையோ, ஒரு குமர்ப் பிள்ளையின் கலியாணச் செலவில் ஒரு சிறு பங்கோ, உங்களால் இயன்றது எதுவாகவும் இருக்கலாம். பங்குத்தந்தை மூலமாகவோ வின்சென்ட் டி போல் சபை மூலமாகவோ கொடுத்தால், பெறுபவருக்கு வெட்கம் இராது. உங்கள் பெயரும் வெளிவராது. கொடுத்த பின் அதைப் பற்றி வீட்டிலும் பேசாதிருங்கள். நீக்கிலார் அப்படித்தான் கொடுத்தார்.